மாதா என்று காதில் விழுந்தது: பிரசவ வார்டில் மொழியும் மரியாதையும்

வெட்டாற்றங்கரை | ஞாயிறு, காலை 10.15

டெல்டாவின் அரசு மருத்துவமனை ஒன்றில் 14 ஆண்டுகளாகப் பிரசவ வார்டில் பணிபுரியும் செவிலியர் நான். சில வாரங்களுக்கு முன் ஓர் இரவுப் பணியில் நடந்தது இன்னும் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது. இதே துறையில் இருப்பவர்களும், எங்களைப் போன்றவர்களிடம் வந்து பிள்ளை பெற்றவர்களும் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் மேற்கு வங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவி இரவு 7 மணிக்கு இடுப்பு வலியோடு வந்தார். தலைப்பிரசவம், வயது இருபதைச் சுற்றித்தான் இருக்கும். பெண் துணை எவரும் உடன் வரவில்லை. கணவரை வழக்கம்போல் வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டோம். சேர்க்கும்போது இரத்த அழுத்தம் 130/84 இருந்தது. மறுபடி 11 மணிக்குப் பார்க்க வேண்டும். கட்டட வேலைக்காரர்களிடமும் ரயில் பயணங்களிலும் பொறுக்கிய இந்தி கொஞ்சம் எனக்கு வரும். அதை வைத்துக்கொண்டு வலி எப்படி இருக்கிறது, பனிக்குடம் உடைந்ததா என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையை அசைத்தார். புரிந்துகொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதரை மணிக்கு மேல் அவர் "மாதா, மாதா" என்று முனகத் தொடங்கினார். எங்கள் ஊரிலிருந்து வேளாங்கண்ணி அதிகத் தொலைவில்லை. இந்துவோ முஸ்லிமோ, வலி உச்சத்தில் மாதாவைக் கூப்பிடும் பெண்கள் எங்களுக்குப் புதிதல்லர். "மாதா பார்த்துக்குவா, பயப்படாதே" என்று நானும் சொன்னேன். சற்று நேரத்தில் அவர் என் கையைப் பிடித்துத் தம் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டார். ஆசி கேட்கிறார் என்றே எண்ணித் தலையைத் தடவிக்கொடுத்தேன். மற்ற இரண்டு பெண்களையும் பார்த்துக்கொண்டு நடுநடுவே வந்து தடவிக்கொடுத்ததில் முக்கால் மணி நேரம் போயிற்று. வார்டைத் துடைக்க வந்த பணியாளர் அக்காதான், "இது சாமி கும்பிடுற மாதிரி இல்லை சிஸ்டர், தலையைப் பிடிச்சுக்கிட்டே கிடக்குது, பி.பி. பாருங்க" என்றார். பார்த்தேன்: 164/112.

வங்காள மொழியில் தலைக்கு உள்ள சொல் நம் காதில் "மாதா" என்றுதான் விழும். "மாதா ப்யாதா" என்றால் தலைவலி. கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் ஏறித் தலை வலித்தால் அடுத்தது வலிப்பாக இருக்கலாம் என்பது முதலாண்டு செவிலிய மாணவிக்கும் தெரிந்த பாடம். அந்தப் பெண் பாடத்தில் உள்ளபடியே சொல்லிக்கொண்டிருந்தார், கேட்டுக்கொண்டிருந்தவள்தான் நான்.

மருத்துவர் வந்ததும் வலிப்பு வராமல் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் போட்டோம். நரம்பு வழியாக அது ஏறும்போது உடம்பெல்லாம் காந்தும். தமிழ்ப் பெண்ணாக இருந்தால், "கொஞ்ச நேரம் நெருப்பாட்டம் இருக்கும்மா, அப்புறம் அடங்கிடும்" என்று முன்கூட்டியே சொல்லியிருப்பேன். இவரிடம் சொல்ல என்னிடம் சொல் இல்லை. அலறிக்கொண்டு ஊசியைப் பிடுங்கப் போனார். இருவர் சேர்ந்து கையைப் பிடித்துக்கொண்டோம். பிறகு இரண்டு புட்டத்திலும் ஆழமாகப் போட வேண்டிய ஊசிக்காகச் சேலையை விலக்கியபோது அவர் எங்களைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. விடியற்காலையில் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாயும் நலமாக வீடு திரும்பினார்.

என்னை உறுத்துவது ஒன்றுதான். அன்று இரவு முழுவதும் நான் அவரிடம் அன்பாகத்தான் நடந்துகொண்டேன். ஓர் அதட்டல்கூட இல்லை. அப்படியிருந்தும் அவர் சொன்னது எனக்கு எட்டவில்லை. அப்படியானால் மரியாதையான கவனிப்பு என்று நாம் பயிற்சி வகுப்புகளில் படிப்பது எதைத்தான் குறிக்கிறது?

பழைய சைக்கிள் | ஞாயிறு, பிற்பகல் 1.40

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். தங்கையே, வங்காளத்துப் பெண்ணை விட்டுவிடுங்கள்; நம் ஊர்ப் பெண்கள் தமிழில் சொன்னதையே நாங்கள் எத்தனை முறை தவறாக எழுதியிருக்கிறோம் என்று சொன்னால் உங்கள் மனம் கொஞ்சம் ஆறும்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு குக்கிராமத்தில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். கணவர் பெயரைக் கேட்டால் அந்தக் காலத்துப் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள். ஒரு பெண் வெகு நேரம் தயங்கி, "நம்ம சாமிமலை சாமி பேருதான்" என்றாள். முருகன் என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். மாதங்கள் கழித்துப் பிரசவ உதவித்தொகைக்கு எழுதும்போதுதான் அவர் சுவாமிநாதன் என்பது ரேஷன் அட்டையிலிருந்து தெரிந்தது. சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் அந்தத் திருத்தத்துக்காக அவள் கைப்பிள்ளையோடு எத்தனை முறை பேருந்து ஏறினாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. "கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய்?" என்று நாங்கள் கேட்போம். மாதவிலக்கு என்ற சொல்லை நடு வீட்டில் உச்சரிக்க எங்களுக்கும் கூச்சம், அவளுக்கும் கூச்சம். அவள் உண்மையாகவே குளித்த நாளைச் சொல்வாள்; அது பல வீடுகளில் மூன்றாம் நாள், சில வீடுகளில் ஐந்தாம் நாள். நாங்களோ அதை இரத்தம் பட்ட முதல் நாளாக வைத்து 280 நாளை எண்ணிப் பிரசவத் தேதி குறித்துவிடுவோம். நாலைந்து நாள் பிசகு எல்லோருக்கும் பெரிதல்ல. நாள் கடந்துபோய்விட்டது, வலி எடுக்க மருந்து வைக்க வேண்டும் என்று பேச்சு வரும்போது அந்த நாலைந்து நாளுக்கு விலை உண்டு. பின்னாளில், "ஆடிப்பெருக்குக்கு எத்தனை நாள் முன்னே பின்னே பட்டது, எந்த நாளில் முழுகினாய்?" என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கப் பழகிக்கொண்டேன். பண்டிகையைச் சொன்னால் நாள் தானாக வாயில் வரும்.

நாகரிகத்துக்காக நாம் மூடிப் பேசுவதை மூடியே எழுதிவிடக் கூடாது. எழுதுகிறவள்தான் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் ஷிப்ட் | ஞாயிறு, மாலை 6.05

நானும் செவிலியர்தான், தனியார் மருத்துவமனை. ஒன்றைச் சொன்னால் எல்லோரும் கோபப்படுவீர்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். ஓர் இரவில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வலி எடுத்து, நான்காவது பெண்ணை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கும்போது, "நீங்கள் அனுமதித்தால் பரிசோதிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டிருக்க ஒருவருக்கும் நேரம் கிடையாது. சில பெண்கள் அதட்டினால்தான் முக்குவார்கள். தலை தெரிந்த பிறகு காலை இறுக்கிக்கொள்கிற பெண்ணிடம் கெஞ்சிக்கொண்டிருந்தால் குழந்தை மூச்சுத் திணறும். அதட்டி உயிரோடு எடுத்துக் கொடுத்த குழந்தைகளின் தாய்மார்கள் பெயர் சூட்டு விழாவுக்கு எனக்குப் பத்திரிகை கொடுத்திருக்கிறார்கள்.

வங்காளப் பெண்ணின் விஷயத்தில் நடந்தது மரியாதைக் குறைவே அல்ல. மொழிபெயர்ப்பாளர் இல்லாத குறை. அதை நிர்வாகத்திடம் கேளுங்கள்.

சம்பா | ஞாயிறு, இரவு 9.20

நான் மருத்துவத் துறையில் இல்லை. பிள்ளை பெற்றவள் என்ற தகுதியில் எழுதுகிறேன். மரியாதை என்றால் "நீ"க்குப் பதிலாக "நீங்கள்" போடுவது என்று எண்ணுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

எனக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டுமே மூன்றாம் மாதத்துக்குள் போய்விட்டன. மூன்றாம் முறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு தனியார் மருத்துவமனையில் பதிவு செய்யப் போனபோது, மேசையில் இருந்த பெண், வரிசையில் நின்றவர்கள் கேட்க, என் மாமியார் பக்கத்தில் இருக்க, "இதுக்கு முன்னாடி எத்தனை கலைச்சீங்க?" என்றார். "ங்க" இருந்தது, குரலிலும் குறை இல்லை. கலைந்தது என்பதற்கும் கலைத்தது என்பதற்கும் நடுவில் எழுத்து ஒன்றுதான் வேறுபடுகிறது. ஒன்று எனக்கு நேர்ந்தது. மற்றது நான் செய்தது. நான் பதில் சொல்வதற்குள் மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் விளக்க வேண்டியிருந்தது. இன்றுவரை முழுதாக நம்பினாரா என்று தெரியாது.

அந்தப் பெண் மீது எனக்குக் கோபமில்லை. தினமும் நூறு பேரிடம் கேட்கும் கேள்வி அது. ஆனால் அதன் பிறகு அந்த இடத்தில் எதைக் கேட்டாலும் "ஒன்றும் இல்லை" என்று சொல்லும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஏழாம் மாதத்தில் இரண்டு நாள் குழந்தை அசைவு குறைவாக இருந்ததைக்கூட நான் அங்கே சொல்லவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பது என் நல்ல காலம்.

கொங்குத் தம்பி | திங்கள், காலை 7.10

இரவுப் பணி முடிந்து வந்து எழுதுகிறேன். மகப்பேறு மருத்துவத்தில் முதுநிலை படிக்கும் மாணவன். ஊர் ஈரோட்டுப் பக்கம்.

சம்பா அவர்கள் சொன்னதில் எங்கள் பங்கு என்ன என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் கேஸ் ஷீட்டில் ஜி, பி, எல், ஏ என்று நான்கு எழுத்துகளில் ஒரு பெண்ணின் முந்தைய கர்ப்பங்களை எழுதுவோம். கடைசி எழுத்து அபார்ஷன். ஆங்கில மருத்துவ வழக்கில் தானாகக் கலைந்ததும் கலைத்ததும் அந்த ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடும். எங்களுக்கு இரண்டும் ஒரே கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்புகிற அவசரத்தில் தமிழில் வாய்க்கு எளிதாக வரும் வினை செய்வினையாகிவிடுகிறது. "இதற்கு முன் ஏதாவது தங்காமல் போயிருக்கிறதா?" என்று கேட்கலாம். மருந்து உட்கொண்டார்களா என்பது மருத்துவ ரீதியாகத் தேவைப்பட்டால், அதைத் தனியறையில், தனியாகக் கேட்க வேண்டும். இவ்வளவுதான் செலவு.

மூன்றாம் ஷிப்ட் அக்காவுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகளில் மரியாதையான கவனிப்பும் தெளிவான பேச்சும் உடனிருக்கும் துணையும் இடம்பெற்றுள்ளன. அவை அலங்காரத்துக்குச் சேர்த்தவை என்று நானும் முதலில் நினைத்தேன். அதே ஆவணம், குழந்தை வெளிவரும் கட்டத்தில் பெண் தனக்கு உந்துதல் வரும்போது தானே முக்குவதற்குத் துணைநிற்கச் சொல்கிறது. வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்தித் தள்ளுவதைப் பரிந்துரைக்கவில்லை. அதட்டுவதால் முக்குகிறாள் என்று நமக்குத் தோன்றுவதில் பாதி, அந்த நேரத்தில் அவள் எப்படியும் முக்கியிருப்பாள் என்பதே. இன்னொன்று: 2010-இல் பௌசர், ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் பிரசவ இடங்களில் நிகழும் அவமரியாதையை ஏழு வகையாகப் பிரித்தார்கள். அடிப்பதும் கட்டணத்துக்காகப் பிடித்துவைப்பதும் அதில் உண்டு. இசைவு பெறாமல் செய்வதும், அந்தரங்கத்தைக் காக்காததும், கவனிப்பாரின்றித் தனியே விட்டுவிடுவதும் அதே பட்டியலில்தான் வருகின்றன. பட்டியலைப் படிக்கும்போது என் சென்ற வாரத்துப் பணி நாள்கள் நினைவுக்கு வந்தன என்பதை மறைக்கவில்லை.

மொழி பற்றி என் கதையும் உண்டு. இங்கே வந்த முதல் மாதத்தில் ஒரு பெண் "சூட்டு வலியா இருக்கும்னு வீட்ல சொன்னாங்க" என்றார். ஆங்கில வழியில் படித்த என் மூளைக்கு அது சிறுநீர் எரிச்சலாகப் பட்டது. சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த செவிலியர் அக்கா, "பொய் வலியைச் சொல்லுதுங்க டாக்டர், வயித்துல கையை வச்சுப் பாருங்க" என்று திருத்தினார். என் பேச்சும் இங்கே சிக்கல்தான். எதற்கெடுத்தாலும் "சொல்லுங்க, வாங்க, ஏனுங்க" என்று நான் இழுப்பதைக் கேட்டு ஒரு கர்ப்பிணியின் அப்பாயி, "தம்பி நம்மளைக் கேலி பண்ணுதா?" என்று கேட்டுவிட்டார். எங்கள் ஊரில் அது சாதாரண மரியாதை. அதே சொல் இருநூறு கிலோமீட்டர் கிழக்கே வந்தால் கிண்டலாகிவிடுகிறது. அப்படியிருக்க, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த பெண் நம் தலையசைப்பையும் நாம் அவர் தலையசைப்பையும் சரியாகப் படிப்போம் என்று எதை வைத்து நம்புகிறோம்?

கூத்தாநல்லூர் லாத்தா | திங்கள், காலை 11.30

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண் மருத்துவரே வேண்டாம் என்று எங்கள் பெண்கள் அடம் பிடிப்பதாக ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் நாங்கள் கேட்பது அதுவல்ல. ஆண் மருத்துவர் வரப்போகிறார் என்றால் ஒரு நிமிடம் முன்னால் சொல்லுங்கள், துணியைச் சரிசெய்துகொள்கிறோம். என் இரண்டாவது பிரசவத்தில் ஒரு செவிலியர், "டாக்டர் சார் வராரு, போர்வையை இழுத்துவிடவா?" என்று கேட்டுவிட்டு மறைப்பையும் இழுத்துவிட்டார். குழந்தை பிறந்து துடைத்ததும், "பாங்கு சொல்லணும்னா உங்க அத்தாவைக் கதவுகிட்ட வரச் சொல்றேன், அதுக்குள்ள பால் கொடுக்க வச்சிடுவோம்" என்றார். என் தந்தை கதவோரம் நின்று பேரப்பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். அந்தச் செவிலியர் நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். மொத்தமும் ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

மூன்றாம் ஷிப்ட் | திங்கள், பிற்பகல் 2.15

தம்பி சொல்வது ஏட்டில் சரி. வயிற்றை அழுத்துவதை நாங்களும் விட்டுவிட்டோம். ஆனால் மருத்துவர் சுற்றுக்கு வந்து போய்விடுவார். விடிய விடிய நிற்பவள் செவிலியர். அவளிடம் யார் மரியாதையாகப் பேசுகிறார்கள்? தாமதம் ஆனால் உறவினர் அவளைத்தான் திட்டுவார்கள். மேலதிகாரி அவளைத்தான் அழைத்துக் கேட்பார். தான் வாங்கியதைத்தான் அவள் கொடுக்கிறாள். "படுக்கும்போது இனித்ததா?" என்று கேட்கிற கேவலமான பேச்சை நானும் கேட்டிருக்கிறேன், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சம்பா எழுதியதைப் படித்த பிறகு நேற்று எங்கள் பதிவு மேசைப் பெண்ணிடம் பேசினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடல் கடந்த மாயவரம் | திங்கள், இரவு 11.50

பிறந்த ஊர் மயிலாடுதுறை. இப்போது இங்கிலாந்தின் வட பகுதியில் இருக்கிறேன். மறுபக்கத்திலிருந்து ஒரு செய்தி: அளவுக்கு மிஞ்சிய நயமும் ஒருவரைத் தனியாக விட்டுவிடும்.

இங்கே பிரசவம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் மருத்துவச்சிகளே; மிட்வைஃப் என்று பதிவு பெற்ற, மதிப்புமிக்க பணி அது. தொடும் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டே தொட்டார்கள். தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வேண்டுமானாலும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்ற பெருமையில் மறுத்துவிட்டேன். வலி கடுமையானபோது, வலி குறைக்க ஏதாவது எடுத்துக்கொள்ள விருப்பமா என்று மருத்துவச்சி மிக மென்மையாகக் கேட்டார். "பரவாயில்லை, வேண்டாம்" என்றேன். நம் ஊரில் விருந்துக்குப் போனால் முதல் முறை வேண்டாம் என்போம். இரண்டாம் முறை கையால் இலையை மறைப்போம். மூன்றாம் முறை பரிமாறுகிறவர் கையை விலக்கிப் போட்டுவிடுவார். என் வேண்டாம் அந்த முதல் வேண்டாம்தான். அவர்கள் ஊரிலோ ஒருமுறை வேண்டாம் என்றால் அதை மதிப்பதுதான் மரியாதை. மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு, இவர் ஏன் மறுபடி கேட்கமாட்டேன் என்கிறார் என்று மனத்துக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு நாள், வலியைத் தூண்டிவிடுவது பற்றி நீங்கள் யோசித்துப் பார்க்க விரும்பலாம் என்ற பொருளில் மருத்துவர் சொன்னார். நான் அதை விருப்பம் சார்ந்த பேச்சாக எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னதன் பொருள், செய்துகொள்வதுதான் நல்லது என்பதே. மயிலாடுதுறையில் என் அக்காவுக்கு இதே நிலையில் மருத்துவர் சொன்னது, "நாளைக்குக் காலையில வந்து படுத்துடு." கரடுமுரடு, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதில் ஐயமில்லை. எது மேல் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை. காரணத்தையும் சொல்லிவிட்டு "வந்து படுத்துடும்மா" என்று ஒருவர் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பழைய சைக்கிள் | செவ்வாய், காலை 6.30

காரணம் சொல்வது என்றதும் நினைவுக்கு வந்தது. சிக்கலான பிரசவத்தைத் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கு எழுதி அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கம். "தஞ்சாவூருக்கு எழுதிட்டாங்க" என்றாலே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். "அங்கே இரத்தம் இருக்கிறது, மயக்க மருத்துவர் இருக்கிறார், அதற்காகத்தான் அனுப்புகிறோம்" என்று வண்டி ஏறும் முன் சொல்லிவிட்டால் பாதி அழுகை நின்றுவிடும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 5-ஆம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. வீட்டில் மருத்துவச்சி பார்த்த காலத்தில் அவளுக்குக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையும் தெரியும். இன்று முன்பின் தெரியாத பெண்ணிடம் முன்பின் தெரியாத பெண் வந்து படுக்கிறாள். அந்த இடைவெளியைப் பேச்சால்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

துணை பற்றி ஒன்று. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. சொந்தக்காரப் பெண் இல்லாத வெளிமாநிலத்தவருக்கு அந்தத் துணை எங்கிருந்து வரும்?

ஆலைக் கணக்கு | செவ்வாய், மாலை 5.45

மேலே கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடையைச் சொல்கிறேன். அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறேன். நடவுக்கு வரும் வங்காளத்துக் குழுக்களில் ஆண்களே அதிகம். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். ஆலையிலும் செங்கல் சூளையிலும் இருப்பவர்களில் சிலர் குடும்பத்தோடு தங்குகிறார்கள். வங்காளம் எனக்கு ஓரளவு பேசவரும் என்பதால் இரவில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு, "இரத்தம் படுகிறதா என்று கேளுங்கள்" என்பார்கள். நான் ஆண், அந்தப் பெண்ணின் கணவருக்குக் கூலி எழுதித் தருகிறவன். கேட்பேன். "நா" என்று பதில் வரும். இல்லை என்று பொருள். நானும் "இல்லையாம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அந்த "நா" இரத்தம் படவில்லை என்பதா, கணக்குப்பிள்ளையிடம் இதைச் சொல்லமாட்டேன் என்பதா என்பது எனக்கு உண்மையிலேயே தெரியாது. மேஸ்திரிகள் மொழிபெயர்த்தால் இன்னும் மோசம். அவள் நாலு வாக்கியம் சொன்னால் அவர் "சரிங்குது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

இப்போது எங்கள் ஆலைக் குடியிருப்பில், இரண்டு பிள்ளை பெற்றவரும் தமிழ் ஓரளவு பழகியவருமான ஒரு பெண்ணை அனுப்பிவைக்கிறோம். அன்றைய கூலியை ஆலையே கொடுத்துவிடுகிறது. ஆலை முதலாளியை இதற்கு ஒப்புக்கொள்ளவைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

வெட்டாற்றங்கரை அவர்களுக்கு இன்னொன்று. நாம் வேலைத்தளத்தில் பொறுக்கிய இந்தி முழுவதும் மேஸ்திரி இந்தி. "பைட்டோ", "ஜாவ்", "ஜல்தி கரோ" எல்லாம் "உட்காரு, போ, சீக்கிரம் செய்" என்கிற ரகம். மரியாதையாகச் சொன்னால் "பைட்டியே". அது நம் காதில் விழுந்ததே இல்லை. ஏனென்றால் கூலிக்காரனிடம் அப்படி யாரும் பேசுவதில்லை. நீங்கள் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் அந்தப் பெண் தன் மேஸ்திரியின் குரலைத்தான் கேட்டிருப்பாள். மேஸ்திரி எது சொன்னாலும் தலையை ஆட்டுவதுதான் அவளுக்குப் பழக்கம்.

வெட்டாற்றங்கரை | புதன், இரவு 8.30

கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அவர் தலையை அசைத்தது புரிந்ததால் அல்ல, பணிவால். அதை நான் ஆமாம் என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். "புரிந்ததா?" என்று கேட்டால் எந்த மொழிப் பெண்ணும் புரிந்தது என்றுதான் சொல்வாள் என்பதால், இனி அப்படிக் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். "வீட்டுக்குப் போன பிறகு எதெது நடந்தால் உடனே வருவீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்று தமிழ்ப் பெண்களிடம் இரண்டு நாளாகக் கேட்டுப் பார்த்தேன். ஆறு பேரில் நால்வர் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிச் சொன்னார்கள். இரத்தப்போக்கை ஒருவரும் சொல்லவில்லை. அதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்லியிருந்தேன்.

வங்காளத்துப் பெண்களுக்காக ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்ட நினைக்கிறேன். ஆலைக் கணக்கு ஐயா திருத்தித் தர வேண்டும். தலைவலி: மாதா ப்யாதா. கண் மங்கல்: சோக்கே ஜாப்ஷா. இரத்தம்: ரொக்தோ. தண்ணீர்: ஜோல். உடம்பு காந்தும்: கொரோம் லாக்பே. முக்கு: சாப் தாவ். பயம் இல்லை: பொய் நேய்.

ஆலைக் கணக்கு | புதன், இரவு 10.10

சொற்கள் சரி. முஸ்லிம் பெண்கள் தண்ணீருக்குப் பெரும்பாலும் "பானி" என்பார்கள், இரண்டையும் எழுதிவையுங்கள். "சாப் தாவ்" என்பது "நீ முக்கு". "சாப் தின்" என்றால் "நீங்கள் முக்குங்கள்". வங்காளத்தில் நீ, நீங்கள் என்ற இரண்டுக்கு மூன்று படிகள் உண்டு. மிகக் கீழான "துய்" மட்டும் வேண்டாம். "துமி" நெருக்கம், "ஆப்னி" மரியாதை. இருபது வயதுப் பெண்ணை உங்கள் வயதில் இருப்பவர் "ஆப்னி" என்று அழைத்தால் அவளுக்கு அந்நியமாகக்கூடப் படலாம். "துமி" என்று சொல்லிக் கூடவே "மா" என்று சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும். பெரியவர்கள் சின்னப் பெண்களை அங்கே "மா" என்றுதான் கூப்பிடுவார்கள். நம் "வாம்மா" போலத்தான். அதனால் "தாவ்" என்பதையே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு "மா" போதும்.

"பொய் நேய்" என்பதில் முதல் எழுத்தை அழுத்தி, மூச்சு விட்டுச் சொல்ல வேண்டும். நம் பொய் போல மெலிதாகச் சொன்னால் அவளுக்குப் புரியாது.

வெட்டாற்றங்கரை | அடுத்த திங்கள், காலை 9.00

நேற்று இரவு ஒருவர் வந்தார், செங்கல் சூளையிலிருந்து. இம்முறை உடன் ஒரு பெண்ணும் வந்திருந்ததால் உள்ளே அனுமதித்தோம். தாளைப் பார்த்து "பொய் நேய், மா" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வலி ஓய்ந்த இடைவெளியில் அந்தப் பெண் சிரித்துவிட்டு, மூச்சை இழுத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் முறை சரியாக வந்ததாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நம்பலாம் என்று தோன்றியது.

பிறகு என் நெற்றியைத் தொட்டுக் காட்டி "மாதா ப்யாதா?" என்று கேட்டேன். "நா" என்றார். கண்ணைக் காட்டி "ஜாப்ஷா?" என்றேன். "நா." இரத்த அழுத்தமும் பார்த்தேன், 118/76. "தலைவலி, பார்வை மங்கல் இல்லை; வங்காளத்திலும் சைகையாலும் கேட்கப்பட்டது" என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். காலையில் சுற்றுக்கு வந்த மருத்துவர் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, "எந்த வங்காளம் சிஸ்டர்?" என்றார். சுவரைக் காட்டினேன்.